முதல் ஏடே இல்லாத புத்தகம்

தல்மூத் யூதர்களின் பெரிய சட்ட நூல் என்பது நமக்குத் தெரியும். தாடி வைத்த ரப்பிகள் அதன்மேல் குனிந்து, கையை ஆட்டி ஆட்டி வாதாடும் காட்சியைத் திரைப்படங்களிலாவது பார்த்திருப்போம். அதன் எந்தத் தொகுதியைத் திறந்தாலும் ஒன்றாம் ஏடு இருக்காது. கணக்கு இரண்டிலிருந்துதான் ஆரம்பமாகும். எவ்வளவு படித்தவனும் முதல் ஏட்டையே இன்னும் பார்க்கவில்லை என்று அடக்கமாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் இப்படி என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். விளக்கம் அழகுதான். உண்மைக் காரணமோ அச்சுக்கூடத்தில் இருக்கிறது: தலைப்பு ஏட்டை ஒன்று என்று எண்ணிவிட்டார்கள், அவ்வளவே.

அந்த இரண்டாம் ஏட்டைச் சற்று உற்றுப் பார்ப்போம். நடுவில் பெரிய சதுர எழுத்தில் மூலம். புத்தகத்தின் தையலை ஒட்டிய பக்கம் வளைந்த சிற்றெழுத்தில் ரஷி என்பவரின் உரை. வெளிப்பக்கம் அதே எழுத்தில் தொசஃபோத். ரஷியின் பேரன்மாரும் அவர்களுடைய மாணவர்களும் தாத்தாவை மடக்கி எழுதியவை. அதற்கும் வெளியே, பொடி எழுத்தில் இன்னும் பலர். நடுவில் பேசுபவர்கள் இன்றைய இஸ்ரேலிலும் ஈராக்கிலும் வாழ்ந்தவர்கள். உள்ளோரம் பிரான்ஸ், வெளியோரம் துனிசியாவும் லித்துவேனியாவும். ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் ஆட்கள் ஒரே தாளில் உட்கார்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த அமைப்பை எந்த ஒரு ரப்பியும் திட்டம் போட்டு வகுக்கவில்லை. ஓடியவர்கள், அடிமையாக விற்கப்பட்டவர்கள், வியாபாரிகள், காப்பியடித்தவர்கள் என ஆளுக்கொரு கை வைத்து உருவான பக்கம் இது.

கதை ஒரு சவப்பெட்டியில் தொடங்குகிறது. கி.பி. 70ஐ ஒட்டிய காலம், ரோமப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. சரணடையக் கூடாது என்று பிடிவாதமாக நின்ற தீவிரவாதிகள் நகர வாசலில் காவல் இருந்து யாரையும் வெளியே விடவில்லை. பிணத்துக்கு மட்டும் வழி உண்டு. யோகனான் பென் ஸக்காய் என்ற முதிய ஆசான் செத்தவராக நடித்து, சீடர்கள் தோளில் பெட்டிக்குள் படுத்தபடி வெளியேறினார் என்று தல்மூத் சொல்கிறது. தளபதி வெஸ்பாசியன் முன்னால் எழுந்து நின்று, அவரைச் சக்கரவர்த்தி என்று அழைத்தாராம். சற்று நேரத்தில் ரோமிலிருந்து அதே செய்தியோடு ஆள் வந்ததாம். மகிழ்ந்த வெஸ்பாசியன் வரம் கேட்கச் சொன்னபோது, அவர் எருசலேமைக் கேட்கவில்லை. யாவ்னே என்ற சிற்றூரையும் அங்குள்ள அறிஞர்களையும் கேட்டார். கோயில் எரிந்தது. பலி கொடுக்க இடமில்லாமல் போன ஒரு மதம், யாவ்னேயின் பள்ளியில் வாதத்தை வழிபாடாக்கிக்கொண்டது.

அந்த வாதம் அப்போது ஏட்டில் இல்லை. வாய்வழிச் சட்டத்தை எழுதக்கூடாது என்பது மரபு. ஆசான் சொல்ல மாணவன் மனப்பாடம் செய்ய வேண்டும். சொன்னவர்கள் மடாதிபதிகளும் அல்ல, கூலி வாங்கிப் பிழைத்தவர்கள். ஹில்லெல் தினக்கூலி. அவர் கூலியில் பாதி பள்ளிக்கூட வாயில்காப்போனுக்குப் போனது. காசு இல்லாத ஒரு நாள் கூரைமேல் ஏறி, சாளரத்தின் வழியே பாடம் கேட்டபடியே பனியில் உறைந்துபோனார் என்று கதை உண்டு. யோகனானின் சீடர் யோசுவா கரியடுப்பில் வேலை பார்த்த கொல்லர். அகிவா 40 வயது வரை எழுத்தறியாத ஆட்டிடையர். பிற்பாடு சிதறிக் கிடந்த வாய்மொழிச் சட்டங்களைத் தலைப்புவாரியாக அடுக்கிய மேதை. ரோமுக்கு எதிரான 132–135 கலகம் அடங்கிய காலத்தில் ரோமர்கள் அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். இப்படி ஆசான்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்பட, அவர்களுடைய மனத்தில் இருந்த நூலகமும் கூடவே அழிந்தது. சுமார் 200இல் யூதா ஹநாசி என்ற தலைவர் அந்தச் சட்டங்களைத் தொகுத்து நிலைப்படுத்தினார். ஆறு பகுதிகளாக அமைந்த அந்தத் தொகுப்புதான் மிஷ்னா, நம் பக்கத்தின் முதல் கல்.

மிஷ்னாவில் முடிவுகள் அதிகம், காரணங்கள் குறைவு. அடுத்த 300 ஆண்டுகள் அந்தக் காரணங்களைத் துருவுவதிலேயே போயின. அதன் சுவையை அறிய திபேரியா நகரின் இரண்டு நண்பர்களைப் பார்த்தால் போதும். ஒருவர் ரப்பி யோகனான் (சவப்பெட்டியில் போனவர் அல்ல, வேறொருவர்). மற்றவர் வழிப்பறிக் கொள்ளையராக இருந்து மனம் மாறிய ரேஷ் லாகிஷ். ஒரு வாதத்தில் வார்த்தை தடித்து இருவரும் பிரிந்தார்கள். ரேஷ் லாகிஷ் இறந்துபோனார். துக்கத்தில் இருந்த யோகனானுக்குத் துணையாக எலெயாசார் பென் பெதாத் என்ற அறிஞரை அனுப்பினார்கள். யோகனான் எதைச் சொன்னாலும் அவர், ‘ஆமாம், இதற்கு ஆதாரம் இருக்கிறது’ என்று தலையாட்டினார். யோகனானுக்கு அழுகையே வந்துவிட்டது. போனவன் நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் 24 மறுப்புச் சொல்வான், நான் 24 பதில் சொல்வேன், விஷயம் தெளியும். நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா, அதைச் சொல்ல நீ எதற்கு என்று கேட்டாராம். தல்மூத் முழுக்க ஓடுவது இந்த மனோபாவம்தான்.

219இல் ராவ் என்ற அறிஞர் மிஷ்னாவை எடுத்துக்கொண்டு இன்றைய ஈராக்கான பாபிலோனுக்குத் திரும்பி, சூரா என்ற ஊரில் பள்ளி அமைத்தார். பாரசீக ஆட்சியில் யூதர்களுக்குப் பெரும்பாலும் நிம்மதி இருந்தது. விவசாய வேலை குறையும் இரண்டு மாதங்களில் குடியானவர்களும் வியாபாரிகளும் பள்ளிகளில் கூடிப் பாடம் கேட்டார்கள். அங்கே பாடம் சொன்ன ராவ் பாப்பா பேரீச்சம்பழத்தில் பீர் காய்ச்சிப் பணக்காரர் ஆனவர். அதனால்தான் நூலில் சட்டத்தின் நடுவே பீர் விலை, கழுதை வாடகை, மருந்து, கனவுப் பலன் எல்லாம் கலந்து வருகின்றன. 427இல் இறந்த ராவ் ஆஷியின் காலத்தில் தொகுப்பு வேலை வேகம் பிடித்தது. அடுத்த நூற்றாண்டுகளில் முடிந்தது. பக்கத்தின் நடுப்பகுதி தயார்.

அது பாபிலோனை விட்டு எப்படிக் கிளம்பியது? 1161இல் எழுதிய ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஆபிரகாம் இபன் தாவூத் ஒரு கடற்கொள்ளைக் கதை சொல்கிறார். இத்தாலியின் பாரி துறைமுகத்திலிருந்து புறப்பட்ட நான்கு ரப்பிகளை ஸ்பெயினின் கோர்தோபா கலீபாவின் கடற்படைத் தலைவன் பிடித்தான். ஒருவரை எகிப்தில் விற்றான், ஹுஷியேல் என்பவரைத் துனிசியக் கரையில் விற்றான், மோசேயையும் அவர் மகனையும் கோர்தோபாவில் விற்றான். அங்கே யூதர்கள் விலை கொடுத்து மீட்ட மோசே, கந்தல் உடையோடு பாடசாலையின் மூலையில் உட்கார்ந்திருந்தார். ஊர் நீதிபதி ஓர் இடத்துக்குத் தவறாகப் பொருள் சொல்லவே, மூலையிலிருந்து திருத்தம் வந்தது. அன்றே நீதிபதி இறங்கி, இனி இவர்தான் என் ஆசான் என்று சொல்லிவிட்டார். கெய்ரோவின் பழைய ஜெபாலயத்தில் கிடைத்த கடிதங்களைப் படித்த ஆய்வாளர்கள், ஹுஷியேல் தானாகவே துனிசியா போனவர் என்று காட்டிக் கதையை உடைத்துவிட்டார்கள். ஆனாலும் கல்வி கப்பலேறிப் போனது என்ற சாரம் உண்மைதான். ஹுஷியேலின் மகன் ஹனனேல் கைருவான் நகரில் எழுதிய உரை பின்னால் வேறோர் ஊரில் தலைகாட்டும். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோர்தோபாவில் பிறந்தவர்தான் அறிஞர் மைமோனிடிஸ். மதவெறி ஆட்சிக்கு அஞ்சி மொராக்கோ, பாலஸ்தீனம் வழியே எகிப்து வந்தார். அவர் தம்பி தாவீது ரத்தின வியாபாரம் செய்து குடும்பத்தைக் காப்பாற்ற, அண்ணன் படித்தார். செங்கடல் துறைமுகமான ஐதாபிலிருந்து தாவீது எழுதிய கடிதம் இன்றும் கேம்பிரிட்ஜில் இருக்கிறது: பாலைவனத்தைக் கடந்து வந்தேன், இங்கே வாங்கத் தக்க சரக்கே இல்லை, இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறேன் என்பது அதன் சாரம். இந்தியக் கடலில் கப்பல் மூழ்கியது. ஒரு துறைமுகத்தில் சரக்கு இல்லாமல் போனதன் விளைவு, அண்ணன் ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்து, பிறகு வைத்தியம் பார்த்துப் பிழைக்க வேண்டியதாயிற்று. சலாதீனின் அமைச்சருக்கே வைத்தியரானார். தல்மூத்தின் வாதங்களையும் பெயர்களையும் விலக்கி, முடிவுகளை மட்டும் 14 நூல்களாக அடுக்கி ஒரு சட்டத் தொகுப்பும் எழுதினார். இனி வேறு நூல் தேவைப்படாது என்பது அவர் எண்ணம். நடந்தது என்ன? தெற்கு பிரான்ஸின் ஆபிரகாம் பென் தாவீது வரிக்கு வரி சாட்டையடி கொடுத்தார். இன்று அந்தத் தொகுப்பின் பக்கத்தையும் நான்கு புறமும் உரைகள் சூழ்ந்திருக்கின்றன.

மைமோனிடிஸுக்கு ஒரு நூற்றாண்டு முன்பு, வடக்கு பிரான்ஸின் திருவா நகரில் ரஷி வாழ்ந்தார். 1040இல் பிறந்து 1105இல் இறந்த அவர், ஜெர்மனியின் மைன்ஸ், வோர்ம்ஸ் பள்ளிகளில் படித்து ஊர் திரும்பியவர். திராட்சைத் தோட்டம் வைத்து மது தயாரித்தவர் என்பது மரபு. ஐரோப்பாவின் வணிகச் சந்தைகள் கூடிய ஷாம்பெய்ன் பகுதி அது. வாசகன் எங்கே இடறுவான் என்று முன்கூட்டியே கண்டு, அங்கே மட்டும் நான்கு சொல்லில் கைபிடித்துத் தூக்கிவிடுவது அவர் பாணி. புரியாத பொருள்களுக்கு ஊர்மக்கள் பேசிய பிரெஞ்சுச் சொல்லையே எபிரேய எழுத்தில் எழுதிவைத்தார். பழைய பிரெஞ்சு மொழியை ஆராய்பவர்களுக்கு அவை இன்று புதையல். மக்கோத் பகுதியின் 19ஆம் ஏட்டில் உரை சட்டென்று நிற்கிறது. நம் ஆசானின் உயிர் இங்கே பிரிந்தது, இதற்குமேல் எழுதுவது அவர் மாணவர் என்ற குறிப்பு உரைக்குள்ளேயே வருகிறது. தொடர்ந்து எழுதியவர் ரஷியின் மருமகன் யூதா பென் நாதான். மகளின் மகனான ரப்பேனு தாம் தாத்தாவின் உரையை மதித்துக்கொண்டே மறுத்தார். 1147இல் சிலுவைப் போர் வீரர்கள் அவர் வீட்டில் புகுந்து வெட்டியும் பிழைத்தார். அவர் தலைமுறையின் மறுப்புகள்தாம் தொசஃபோத்.

அடுத்து வந்தது நெருப்பு. யூத மதத்திலிருந்து மாறிய நிக்கோலஸ் டோனின், தல்மூத்துக்கு எதிராகப் போப்பிடம் குற்றப்பட்டியல் கொடுத்தார். 1240இல் பாரிஸ் அரசவையில் ராணி பிளான்ஷ் முன்னிலையில் ரப்பி யெகியேல் பதில் சொன்னார். பதில் எடுபடவில்லை. 1242இல் 24 வண்டி கையெழுத்துப் பிரதிகள் நடுத்தெருவில் எரிந்தன. ஒவ்வொன்றும் ஒருவர் மாதக்கணக்கில் கையால் எழுதியது. அதற்கு இரங்கற்பா எழுதிய ரோத்தென்பர்கின் மெயிர், பிற்காலத்தில் 1286இல் ஜெர்மானிய மன்னனால் சிறைப்பட்டார். பணம் கொடுத்து மீட்டால் அதையே தொழிலாக்கி மற்ற ரப்பிகளையும் பிடிப்பார்கள் என்று மீட்புத் தொகையை அவர் மறுத்ததாக மரபு. 1293இல் சிறையிலேயே இறந்தார், உடலையும் தரவில்லை. 1307இல் அலெக்சாண்டர் விம்ப்ஃபென் என்ற வியாபாரி பணம் கொடுத்து உடலை மீட்டு வோர்ம்ஸில் அடக்கினார். அதற்கு அவர் கேட்ட ஒரே கூலி, ஆசானின் பக்கத்தில் தனக்கு ஓர் இடம். இரண்டு கல்லறைகளும் இன்றும் அருகருகே நிற்கின்றன. இத்தனை எரிப்புகளுக்குப் பின் ஏறக்குறைய முழுமையாக மிஞ்சிய பாபிலோனியத் தல்மூத் கையெழுத்துப் பிரதி ஒன்றே ஒன்று. 1342இல் எழுதப்பட்ட அது மியூனிக் நூலகத்தில் இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் அச்சு இயந்திரம் வந்தது நூலின் அதிர்ஷ்டம். 1483 கடைசியில் வடக்கு இத்தாலியின் சொன்சினோ ஊரில், ஊர்ப்பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட அச்சகத்தார் முதல் தொகுதியை வெளியிட்டார்கள். நடுவில் மூலம், உள்ளே ரஷி, வெளியே தொசஃபோத் என்ற ஏற்பாடு அங்கே அச்சேறியது. மூலத்தையும் உரையையும் கண் பிரித்தறிய, உரைக்கு ஸ்பானிய யூதர்களின் கையெழுத்து பாணியில் அச்செழுத்து வார்ப்பது அப்போதைய அச்சகத்தார் வழக்கம். அதற்கு ரஷி எழுத்து என்றே பேர் நிலைத்துவிட்டது. பிரான்ஸில் வாழ்ந்த ரஷி அந்த எழுத்தில் ஒரு வரிகூட எழுதியவர் அல்ல!

முழுத் தல்மூத்தையும் முதலில் அச்சிட்டு முடித்தவர் ஒரு கிறிஸ்தவ வியாபாரி. ஆண்ட்வெர்ப்பிலிருந்து வெனிஸ் வந்த டேனியல் பாம்பெர்க், 1520 முதல் 1523 வரை அந்த வேலையை நடத்தினார். வெனிஸில் யூதர்கள் மஞ்சள் தொப்பி அணிய வேண்டும் என்று சட்டம் இருக்க, தம்மிடம் பிழைதிருத்தும் நான்கு யூதர்களுக்குக் கறுப்புத் தொப்பி அனுமதி வாங்கினார். வெனிஸ்காரர்கள் தம் புத்தகங்களைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டதாக கெர்ஷோம் சொன்சினோ புலம்பினார். புலம்பலில் நியாயம் உண்டு. ஆனால் பாம்பெர்க் நிலைநிறுத்திய ஏட்டெண்களைத்தான் உலகம் இன்றும் பின்பற்றுகிறது. அவர் பதிப்பின் ஒரு முழுத் தொகுப்பு 2015இல் நியூயார்க்கில் 93 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

காப்பியடித்தவனைக் காப்பியடிக்கவும் ஆள் வந்தது. வெனிஸ் பிரபு மார்க்கோ அந்தோனியோ ஜியுஸ்டினியானி 1546 முதல் 1551 வரை தம் தல்மூத்தைக் கொண்டுவந்தார். இதே சமயம் பாதுவா நகர ரப்பி மெயிர் காட்ஸெனெல்லென்போகன், மைமோனிடிஸின் தொகுப்பைத் தம் குறிப்புகளோடு போட்டியாளர் பிராகதினி அச்சகத்தில் வெளியிட்டார். ஜியுஸ்டினியானி அதே நூலை அந்தக் குறிப்புகளையும் எடுத்துப் போட்டு மலிவாக இறக்கினார். ரப்பி மெயிர், போலந்தின் கிராகோவில் இருந்த இளம் அறிஞர் மோசே இஸ்ஸெர்லெஸிடம் நியாயம் கேட்டார். 1550இல் தீர்ப்பு வந்தது: ஜியுஸ்டினியானியின் பதிப்பை வாங்குபவன் சமூகத்திலிருந்து விலக்கப்படுவான். பதிப்புரிமை வரலாற்றின் தொடக்க வழக்குகளில் இது ஒன்று. தோற்றவர் சும்மா இருக்கவில்லை. சண்டை ரோமுக்குப் போனது. எதிராளியின் புத்தகத்தில் மதநிந்தனை இருக்கிறது என்று இரு தரப்பும் மாறி மாறிப் போட்டுக்கொடுத்தார்கள். திருச்சபை இரு தரப்பையும் நம்பியது! 1553 செப்டம்பர் 9, யூதப் புத்தாண்டு நாளில், ரோமின் காம்போ தே ஃபியோரி சதுக்கத்தில் தல்மூத் எரிந்தது.  அக்டோபரில் வெனிஸிலும் தீ மூட்டினார்கள். எரிந்தவற்றில் ஜியுஸ்டினியானியின் புத்தகங்களும் இருந்தன. ஆனால் அவர் பதிப்புக்காக யோசுவா போவாஸ் தயாரித்த மேற்கோள் குறிப்புகள் எரியவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு தல்மூத் பக்கத்தின் ஓரத்திலும் அவை நிற்கின்றன.

இத்தாலியில் அணைந்த அச்சு மற்ற ஊர்களில் எரிந்தது. 1578–81இல் பாசெல் நகரில் வந்த பதிப்பில் தணிக்கையாளர் கத்திரி புகுந்து, அந்நிய வழிபாடு பற்றிய பகுதியையே நீக்கிவிட்டது. போலந்தும் ஆம்ஸ்டர்டாமும் விட்டதைச் சேர்த்துக்கொண்டன. 1830களில் வெனிஸ் நாடகம் ருஷ்யப் பேரரசில் மறுபடி அரங்கேறியது. உக்ரைனின் ஸ்லாவுத்தாவில் ஷபீரா குடும்பமும் லித்துவேனியாவின் வில்னாவில் ரோம் குடும்பமும் தல்மூத் அச்சிடும் உரிமைக்கு மோத, ரப்பிகள் இரண்டு கட்சியானார்கள். அந்தச் சமயத்தில் ஸ்லாவுத்தா அச்சகத் தொழிலாளி ஒருவர் தூக்கில் தொங்கிக் கிடந்தார். அந்தச் சாவின் பழியில் ஷபீரா சகோதரர்களை அரசு சிறையில் தள்ளிச் சவுக்கால் அடித்தது. 1836இல் பேரரசின் எபிரேய அச்சகங்களை இரண்டே இரண்டாகக் குறைத்தது. அதில் ஒன்று வில்னா.

அந்த வில்னா அச்சகத்தை, கணவன் இறந்தபின் நடத்தியவர் தெபோரா ரோம் என்ற பெண்மணி. ‘விதவையும் சகோதரர்களும், ரோம்’ என்ற நிறுவனப் பெயரோடு 1880 முதல் 1886 வரை வந்த பதிப்புதான் இன்றைய தல்மூத்தின் முகம். நூற்றுக்கும் மேற்பட்ட உரைகளும் குறிப்புகளும் அதில் சேர்ந்தன. அந்த ஊரின் பெருமையான, 1797இல் இறந்த மேதை எலியாவின் திருத்தங்களுக்கு ஓரத்தில் இடம் கிடைத்தது. நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன ஹனனேல் வந்து சேர்வதும் இங்கேதான். அவர் உரையின் கையெழுத்துப் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது; அச்சகத்தார் ஆள் வைத்துப் படியெடுத்துப் பக்கத்தில் சேர்த்தார்கள். போப்பின் ஊர் எரித்த நூலுக்குப் போப்பின் நூலகமே ஓர் உரையைப் பத்திரப்படுத்தித் தந்தது.

எல்லா ஊரிலும் ஒரே ஏட்டெண் என்றால், எல்லாரும் ஒரே நாளில் ஒரே ஏட்டைப் படிக்கலாமே? 1923இல் வியன்னா மாநாட்டில் இந்த யோசனையைச் சொன்னவர், போலந்து நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த இளம் ரப்பி மெயிர் ஷபீரோ. நாளுக்கு ஓர் ஏடு, இன்றைய கணக்கில் 2,711 ஏடு, முடிக்க ஏறக்குறைய ஏழரை ஆண்டு. அமெரிக்கக் கப்பலில் ஏறியவன் இறங்கும் ஊரிலும் அதே ஏட்டைத் திறந்து வைத்திருப்பார்கள் என்றார். பாம்பெர்க் போட்ட எண்கள் நானூறு ஆண்டு கழித்து இப்படி வட்டியோடு திரும்பி வந்தன. 46 வயதில், 1933இல் ஷபீரோ இறந்தார். அடுத்த பத்தாண்டில் வில்னாவின் யூதச் சமூகமும் போலந்து நகரான லூப்ளினின் யூதச் சமூகமும் நாஜிகளால் அழிந்தன. போர் முடிந்தபின் ஜெர்மனியின் அகதி முகாம்களில் இருந்த ரப்பிகள் அமெரிக்க ராணுவத்திடம் தல்மூத் கேட்டார்கள். படியெடுக்க ஜெர்மனியில் ஒரு முழுத் தொகுப்பு கிடைக்கவில்லை, நியூயார்க்கிலிருந்து வரவழைத்தார்கள். 1948 என்று ஆண்டு பொறித்த 19 தொகுதிகள் ஹைடெல்பர்க் நகரில் அச்சாயின. தலைப்பு ஏட்டில் முள்வேலி முகாமின் படம், அர்ப்பணிப்பு அமெரிக்க ராணுவத்துக்கு.

1965இல் எருசலேமின் ஆதின் ஸ்டைன்சால்ட்ஸ் இந்தப் பக்கத்தையே மாற்றத் துணிந்தார். உயிர்க்குறிகளும் நிறுத்தற்குறிகளும் போட்டு, தற்கால எபிரேயத்தில் விளக்கமும் சேர்த்து, 2010இல் முடித்தார். பக்க அமைப்பைக் கலைத்துவிட்டார் என்று பழமைவாதிகள் கொதித்தார்கள். அவருடைய உரையைத் தழுவிய ஆங்கில மொழிபெயர்ப்பை செஃபாரியா என்ற இணைய நூலகம் 2017 முதல் இலவசமாகத் தருகிறது. வணிகத்துக்கல்லாமல் யாரும் எடுத்தாளலாம். இன்னொரு கிளை கிழக்கே போனது. டோக்கியோவில் இருந்த அமெரிக்க ரப்பி மார்வின் டோகேயர் 1971இல் ஜப்பானியருக்காக யூத அறிவுக் கதைகளைப் புத்தகமாக்கினார். அது தென்கொரியாவுக்குத் தாவி, அனுமதி வாங்கியும் வாங்காமலும் பல பதிப்பு கண்டு, ‘தல்மூத்’ என்ற பெயரில் பிள்ளைகளின் பாடத்துணை நூலாக விற்கிறது.

இஸ்ஸெர்லெஸ் இருந்திருந்தால் அந்தப் பதிப்பாளர்களையும் ஒரு கை பார்த்திருப்பார். எழுதியவனுக்கும் முதல் போட்டவனுக்கும் நியாயம் வேண்டும் என்ற அவர் தீர்ப்பில் தவறில்லை. ஆனால் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. 1242இல் 24 வண்டி எரிந்தபோது பிரான்ஸின் கல்வி ஒடிந்தது. 1553இல் எரிந்தபோது இத்தாலி மட்டும்தான் ஒடிந்தது. அதற்குள் அச்சுப் பிரதிகள் கடல் கடந்து பரவிவிட்டிருந்தன. போருக்குப்பின் ஜெர்மனியில் இல்லாதது நியூயார்க் அலமாரியில் இருந்தது. பாம்பெர்க்கும் ஜியுஸ்டினியானியும் புண்ணியம் தேடி அச்சடிக்கவில்லை, காசுக்காக அச்சடித்தார்கள். அந்த ஆசையும் போட்டியும் இல்லாமல் இருந்திருந்தால், தல்மூத் இன்று மியூனிக் நூலகத்தில் ஆராய்ச்சியாளர்கள் அனுமதிச் சீட்டு வாங்கிப் பார்க்கும் ஒற்றைக் கையெழுத்துப் பிரதியாகச் சுருங்கியிருக்கும்.